கனிசியஸ் அத்தானின் லாண்ட்ரோவர்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பத்தில் பிறந்த ஒருவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் யாராவது நம்புவார்களா? என் அக்காவின் கணவர் கனிசியஸ் அத்தானுக்கு ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் கால் வைத்தால் போதும், குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுப்பார். அவருடைய தகப்பன் பிலிப்பு, "உவன் எனக்குப் பிறந்தவனே இல்லை, ஆரோ வயல் உழுகிற கமக்காரன்ரை பிள்ளையை மாத்தித் தந்திட்டாங்கள்" என்று சாகும்வரை சொல்லித் திரிந்தாராம்.

ஆகவே அத்தான் கொழும்புக்குப் போய் வாகனம் ஓட்டப் பழகினார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த துணியோடு அகதிக் கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். மற்றவர்கள் எல்லாரும் விட்டுவந்த வீட்டை நினைத்து அழுதுகொண்டிருக்க, தான் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்ததாகச் சொல்லிச் சிரிப்பார். கொழும்பில் தன்னோடு ஒரே அறையில் இருந்து, அந்தக் கப்பலுக்கு வந்து சேராத இரண்டு பேரைப் பற்றி மட்டும் கதைக்கவே மாட்டார்.

அந்த வருடக் கடைசியில்தான் கொடிகாமத்தில் அந்த ஜீப்பைக் கண்டார். தென்னந்தோட்டக்காரர் முத்துக்குமாருவின் மாட்டுக்கொட்டிலில், வைக்கோலுக்குள் பாதி புதைந்து, பழைய லாண்ட்ரோவர் ஒன்று நின்றது. சாரதி ஆசனத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்ட முத்துக்குமாரு, பெண்ணுக்கு வரன் வந்த தகப்பன் மாதிரி அதன் பெருமைகளை எடுத்துவிட்டார்.

"தம்பி, பெரிய சண்டைக் காலத்திலை பலாலியிலை விமானத்தளம் கட்டேக்கை வெள்ளைக்காரப் பட்டாளம் ஜீப்புகள் கொண்டுவந்தது. வயலெண்டும் இல்லை, வரம்பெண்டும் இல்லை, எல்லாத்துக்குள்ளாலையும் ஓடும். சின்ன வயதிலை நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பாப்பம். சண்டை முடிய, இங்கிலாந்திலை ஒருத்தன் அதைப் பாத்து, கமக்காரருக்கெண்டு இதைச் செய்தான். முதன்முதல் கடற்கரை மணலிலைதான் இதின்ரை படத்தைக் கீறிக் காட்டினவனாம். அப்ப இரும்புக்குத் தட்டுப்பாடு. அதாலை உடம்பு முழுக்க அலுமினியம். உப்புக்காத்துப் பட்டாலும் துருப்பிடியாது."

அவர் சொன்னதில் அத்தானுக்கு இரண்டு விஷயம்தான் காதில் ஏறியது: கடற்கரை மணல், துருப்பிடியாது. கோழியை இறக்கிவிட்டு ஜீப்பை வாங்கிவிட்டார்.

எங்கள் ஊர் தாளையடி. வடமராட்சி கிழக்கில் மணலும் கடலும் தவிர அதிகம் இல்லாத கரை. அந்தக் காலத்தில் தார் ரோட்டு முடிகிற இடத்தோடு கார்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதற்கப்பால் மாட்டுவண்டி, உழவு இயந்திரம், அல்லது சொந்தக் கால். அப்படிப்பட்ட ஊருக்குள் எண்பத்துநான்கு மாசியில் ஒருநாள், நாலு சில்லும் ஒரேயடியாய் மணலைக் கிளறிக்கொண்டு, பச்சை நிறத்தில் ஒரு சாமான் உறுமி வந்து எங்கள் வாசலில் நின்றது. உள்ளேயிருந்து அத்தான் இறங்கினார். பெண் பார்க்க வந்திருந்தார். வந்தவரை விட்டுவிட்டு ஊர் முழுவதும் ஜீப்பைப் பார்த்தது. அக்கா அருமைநாயகி மட்டும் வேலிக்குப் பின்னால் நின்று ஆளைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "ஜீப் வடிவில்லை யசிந்தா. ஆள் பரவாயில்லை" என்றாள்.

உண்மையில் அந்த ஜீப்பில் வடிவென்று சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, கூரைக்குக் கன்வஸ். பின்பக்க வாங்குப் பலகையில் உட்கார்ந்து கொடிகாமம் சந்தைக்குப் போய் வந்தால் பல்லெல்லாம் ஆடும், இடுப்பு யாருடையதோ மாதிரி இருக்கும். ஆனாலும் அது மணலில் புதைந்து, முனகி, இனி முடியாது என்று நாங்கள் நினைக்கிற நேரத்தில் அத்தான் சிவப்புக் குமிழ் வைத்த சின்னக் கம்பியைப் பின்னுக்கு இழுப்பார். உடனே அது மெதுவாக, அவசரமே இல்லாமல், குழியைவிட்டு ஏறி வரும். அந்த நேரத்தில் வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் வரும். வாகனங்களில் எனக்கு ஒரு மயக்கமும் கிடையாது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கலியாணத்துக்குப் பிறகு அத்தான் தாளையடியிலேயே தங்கி, ஜீப்பைச் சவாரிக்கு விட்டார். மணல் தொடங்கும் இடத்தில் ரயர்களின் காற்றைப் பாதி இறக்கிவிடுவார். ரயர் தட்டையாகி மணலில் பாய் மாதிரி படுத்து ஓடும். திரும்பத் தார் ரோட்டில் ஏறும்போது, சவாரி வந்த ஆண்கள் எல்லாரும் முறைவைத்துச் சைக்கிள் பம்பினால் காற்றடிக்க வேண்டும். அடிக்காதவனுக்கு அடுத்த சவாரி இல்லை. ஆழமான மணலில் எல்லாரும் இறங்கி நடக்கவேண்டும், பிள்ளைத்தாச்சிகளும் மீன்கூடைகளும் மட்டும் உள்ளே இருக்கலாம். இதுதான் சட்டம். தாளையடி மீன் அந்த ஜீப்பில்தான் கொடிகாமத்துக்குப் போனது. எங்கள் ஊர்க் கலியாணங்களும் காய்ச்சல்களும் பள்ளிக்கூடச் சோதனைப் பிள்ளைகளும்கூட அதில்தான் போயின.

அக்காவுக்கும் ஜீப்புக்கும் ஆகாது. பிள்ளைகள் இல்லாத வீடு. அத்தான் விடியவும் பொழுதுபடவும் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் எரியாது? "என்ரை சக்களத்திக்குக் குளிப்பாட்டு முடிஞ்சுதோ? முடிஞ்சால் சாப்பிட வாருங்கோ" என்று குசினிக்குள் இருந்து சத்தம் போடுவாள். ஆனால் ஜீப் வெளிக்கிடும் ஒவ்வொரு முறையும் ஈஸ்டருக்கு முதல்நாளான பெரிய சனிக்கிழமை கோயிலில் பங்குச் சுவாமி மந்திரித்துத் தந்த தீர்த்தத்தை அதன் முகத்தில் தெளித்துச் சிலுவை போடாமல் விடமாட்டாள். சக்களத்திக்கு ஏன் தீர்த்தம் என்று கேட்டால், "அதுக்கில்லையடி, அதுக்குள்ளை இருக்கிறவருக்கு" என்பாள்.

தொண்ணூறில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் மருந்துக்கும் கிடையாது. யாழ்ப்பாணத்து வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஒரு பிடிவாதம் உண்டு: குளிர்ந்த எஞ்சினை அது ஸ்ரார்ட் பண்ணாது. காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு எழுப்பவேண்டும், சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். இடையில் நின்றால் மறுபடி ஒரு மூடி. ஆகவே அத்தான் எஞ்சினை நிற்பாட்டவே மாட்டார். மீன் ஏற்றும்போதும் ஓடும், தேத்தண்ணி குடிக்கும்போதும் ஓடும். எப்படியோ தேடிக் கொண்டுவரும் அந்தக் கொஞ்சப் பெற்றோலை ஒரு மருந்துப் போத்தலில் ஊற்றி, வீட்டில் யாரும் கைவைக்காத இடமான அந்தோனியாரின் சுருவச் சிலை நின்ற தட்டில் வைத்திருந்தார். தீர்த்தப் போத்தலும் அதே தட்டில்தான் இருந்தது. அதுவும் மருந்துப் போத்தல்தான்.

தொண்ணூற்றிரண்டு ஆனியில் ஒரு காலை. அத்தான் முதல் சவாரி முடித்து, எஞ்சின் ஓடியபடி வாசலுக்கு வந்தார். அக்கா குசினி நிலத்தில் சுருண்டு கிடந்தாள். இரண்டு நாளாக வயிற்றுக்குத்து என்று சொன்னவள், இப்போது வலது பக்க அடிவயிற்றைத் தொடவே விடவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. கிராமத்து மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, "குடல்வால் உள்ளுக்கு வெடிச்சிட்டுதோ தெரியேல்லை. மந்திகை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இண்டைக்கு வயித்தை வெட்டாட்டி ஆள் தப்பாது" என்றாள்.

நாங்கள் தூக்க வந்தபோது அக்கா கையைத் தட்டிவிட்டாள். "தீர்த்தம் தெளிக்காமல் நான் ஏறமாட்டன்." வலியில் நிமிரவே முடியாதவள், சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தட்டிலிருந்த போத்தலை எடுத்தாள். பெரிய பயணம் என்பதால் ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் ஜீப்பின் முகத்தில் தெளித்தாள். மற்றப் போத்தலை அத்தானின் சட்டைப் பைக்குள் வைத்து, "இந்தாங்கோ உங்கடை பெற்றோல்" என்றாள். ஜீப் எப்போதும் எண்ணெய் மணந்துகொண்டே இருக்கும், அன்றைக்கு யார் மோந்து பார்த்தார்கள்?

பின்பக்கம் மெத்தை போட்டு அக்காவைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அத்தான் அன்றைக்கு ஓட்டியது போல ஒருநாளும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, அக்கா முனகினால் தானும் முனகி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். மாமுனை தாண்டி மணல் ஆழமாகும் இடத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது.

அத்தான் பதறவில்லை. இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து, போத்தலை எடுத்துக் காபரேற்றருக்குள் ஊற்றினார். எஞ்சினைச் சுழற்றும் கம்பியை முன்னால் கொடுத்துச் சுற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி ஊற்றினார், சுற்றினார். பிறகு போத்தலை மோந்தார். விரலில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். தீர்த்தத்தில் சுவாமி உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது: அக்கா போத்தலை மாற்றித் தெளித்துவிட்டாள். எஞ்சின் சூட்டின் மேல் பெற்றோலைத் தெளித்தும் நாங்கள் பற்றி எரியாமல் வந்ததை நினைத்து நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"என்ன நிண்டிட்டுது?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்டுமில்லை, கொஞ்சம் சூடாப்போச்சு. நீ கண்ணை மூடிக்கொண்டு படு" என்றார் அத்தான். அவள்மேல் ஒரு சொல் கோபம் இல்லை. அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

அவர் காபரேற்றரைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டி, உடுத்திருந்த சாரத்தால் துடைத்து மறுபடி பூட்டினார். எஞ்சின் சூடு ஆறுவதற்குள் யாராவது இழுத்து ஓட்டினால் மண்ணெண்ணெயிலேயே பிடிக்கும். ஆனால் பொலபொலத்த மணலில் யார் இழுப்பது? கரையில் வலைச் சொந்தக்காரரான அடைக்கலநாதன் சம்மாட்டியின் ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஓடினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. கீரிமீன் துள்ளுவது நான் இருந்த இடத்துக்கே தெரிந்தது. கடற்படைக்குப் பயந்து யாரும் ஆழக்கடலுக்குப் போகாத அந்த நாட்களில், அந்த ஒரு வலையை நம்பி எத்தனை அடுப்புகள் இருந்தன என்று எனக்குத் தெரியும். அவர்கள் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன்.

அடைக்கலநாதன் ஜீப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "கயித்தை விடுங்கோடா!" என்று கத்தினார். "மீன் நாளைக்கும் வரும்."

ஒரு பக்கத்துக் கயிற்றை வலையிலிருந்து அவிழ்த்து ஜீப்பில் கட்டினார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாவையே பாடி, எங்களை மெல்ல மெல்ல ஈரமணலுக்கு இறக்கினார்கள். அலை அடித்து இறுகிய மணலில் சில்லுகள் உருண்டதும் எல்லாரும் கயிற்றோடு ஓடத் தொடங்கினார்கள். வயதுபோன அடைக்கலநாதனும் ஓடினார். ஜீப் உதறியது, புகை கக்கியது, பிடித்துவிட்டது. அத்தான் நிறுத்தி நன்றி சொல்லவில்லை, நிறுத்தவும் முடியாது. கயிறு அவிழ்ந்ததும் கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, அதே கரையில் அடுத்து வரும் நாகர்கோவில் கிராமம் வரைக்கும் அலையோரமாகவே ஓட்டினார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

மந்திகை ஆசுப்பத்திரியில் அக்காவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அத்தான் வாசலில் ஜீப்பில் இருந்தபடி, எஞ்சின் நின்றுவிடாமல் காலால் அழுத்திக்கொண்டிருந்தார். நின்றால் அதை எழுப்ப ஒரு சொட்டுப் பெற்றோல் கையில் இல்லை. அது இல்லாவிட்டால் நாளைக்குச் சோறில்லை, ஊருக்கு வாகனமும் இல்லை. சத்திரசிகிச்சை அறை வாசலில் அக்கா தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரைக் காணாமல் போகமாட்டன்" என்று அடம்பிடித்தாள். நான் ஓடிவந்தேன்.

"அத்தான், அக்கா உங்களைக் கேக்கிறா."

அவர் ஒருதரம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். அந்தச் சத்தம் நின்றபோது ஆசுப்பத்திரி முற்றமே வெறிச்சென்று போனது போல இருந்தது. அவர் என்னை முந்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

அக்கா கண்ணை மூடியபடியே கேட்டாள். "சத்தம் நிண்டிட்டுது. ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான்."

"விசரோ உங்களுக்கு? இனி என்னெண்டு வீட்டை போறது?"

"நீ எழும்பி வா. ரெண்டுபேருமாய் யோசிப்பம்."

எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு வரும்படி தாதி ஏசினாள். அக்கா அந்தக் கையை விட்டால்தானே.

டொக்டர் மெனக்கெட்டு வெட்டி, அக்காவைப் பிழைக்க வைத்தார். அவள் தேறி எழும்பும்வரை ஜீப் ஆசுப்பத்திரி வேம்பின் கீழ்த் தனியாக நின்றது. காகம் எச்சமிட்டது, பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள். அத்தான் அந்தப் பக்கமே போகவில்லை. கட்டிலடியில் ஒரு ஸ்ரூலைப் போட்டுக்கொண்டு இருந்தார். கடைசியில் அக்காவுக்கே பொறுக்கவில்லை.

"போய் ஒருக்கால் பாத்திட்டு வாங்கோவன். பாவம், அது தனிய நிக்குது."

"நிக்கட்டும்" என்றார் அத்தான். கஞ்சியை ஊதி ஆற்றிக் கரண்டியை நீட்டினார். "நீ வாயைத் திற."