முதல் வரிசையில் முழங்காலிட்டவர்

ஞானமுத்து வாத்தியார் இறந்த செய்தி வந்தபோது நான் மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர் ஒருவர் கீழே நின்று சொன்னார். நான் உடனே இறங்கவில்லை. அந்தச் சுவரை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஒன்பது வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவரை அறிந்த நீங்கள் அதற்குப் பல காரணம் கேட்டிருப்பீர்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வேதக்கோவிலில், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு, மேலத்தெருக் கிறிஸ்தவர்கள் முதலில் போய் முழங்காலிடுவார்கள். அவர்கள் குடித்து எழுந்த பிறகுதான் பாத்திரம் கீழத்தெருக்காரர்களான எங்களுக்கு வரும். ஞானஸ்நானம் வாங்கியும் சாதி போகவில்லை. எமர்ஜென்சி முடிந்த வருடம், வாத்தியார் முதல் வரிசையில் போய் முழங்காலிட்டார். அவருக்கு வலது பக்கத்தில் நான். போதகர் எங்களைத் தாண்டிப் போனார். அடுத்தடுத்த மாதங்களிலும் தாண்டினார். கோவிலைப் பூட்டும்வரை வாத்தியார் எழமாட்டார்.

"எம்புட்டு நாளைக்கு வாத்தியாரே?" என்று கேட்டேன்.

"தாண்டித் தாண்டி அவருக்குக் கால் வலிக்கிற வரைக்கும்ணே. நம்ம முழங்காலு களையெடுத்துப் பழகுனதுதானே."

ஏழாம் மாதம் போதகர் இறங்கி வந்தார். அந்த ஞாயிறு எல்லோருக்கும் சேர்த்தே கொடுப்பதாகச் சொன்னார். முந்தின நாள் மாலை, மேலத்தெரு ஆள் ஒருவர் கோவில் வாசலில் வாத்தியாரை அறைந்தார். வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னால் நிற்க முடியவில்லை. அடித்தேன். அந்த ஆளுக்குப் பல் போனது. கலகக்காரர்களுக்குத் திருவிருந்து இல்லை என்று போதகர் சொல் மாறினார்.

வாத்தியார் என்னைத் திட்டவில்லை. நேராக அந்த ஆள் வீட்டுக்குப் போய் என் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

"அடி வாங்குனது நீரு. மன்னிப்பும் நீரா? யாரைக் கேட்டுப் போனீரு?"

"ஒங்களக் கேட்டா விடமாட்டீகளேண்ணே. அவுகளும் நம்ம பக்கத்துல முழங்கால் போட வேண்டிய ஆளு. பல்லை ஒடச்சுட்டு எப்படிக் கூப்பிடுறது?"

அன்றோடு அவரையும் விட்டேன், கோவிலையும் விட்டேன். அவர் தனியாகவே போய் முழங்காலிட்டார். இன்னும் இரண்டு வருடம் கழித்துப் பாத்திரம் எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. எனக்கு அது மதுரையில் கேள்விப்பட்ட செய்தி. அடித்தது தப்பென்று இன்றும் நான் நினைக்கவில்லை.

அடக்கத்தன்று அவர் மனைவி என்னிடம் வந்தார். "கடைசி வரைக்கும் வலது பக்கம் ஒரு ஆளு இடம் விட்டுத்தாண்ணே முழங்கால் போடுவாரு. யாராச்சும் வந்தா, 'ஆள் வருது, தள்ளிப் போங்க'ன்னுருவாரு."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இடம் ஒன்றுதான். நான் இன்னும் போகவில்லை. ஆனால் வேறு யாராவது அங்கே முழங்காலிட்டால் எனக்குப் பொறுக்காது.