நிற்காத வைல் லூப்

இன்று பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்புப் பரீட்சை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணும் ஃபார் லூப்பை, எண்ணை நாமே கூட்டிவிட வேண்டிய வைல் லூப்பாக மாற்ற வேண்டும்.

எண்ணைக் கூட்டும் வரியை எழுத மறந்து ஓடவிட்டேன். திரை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. எந்தப் பட்டனை அழுத்தியும் நிற்கவில்லை. எழுந்து ஓடவும் முடியாது. ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"சேர், நிக்க மாட்டேங்குதுங்க."

"சேவ் பண்ணுனீங்களா?"

"இல்லைங்க."

சேர் சுவிட்சை அணைத்தார். "முதல்ல இருந்து எழுதுங்க. ஏழு நிமிசம் இருக்கு."

அழுதுகொண்டே எழுதினேன். இந்த முறை பத்தோடு நின்றது.

மடுல்சீமைக்கு வந்து சேர்ந்தால், தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்த அம்மா கேட்டார்: "பரீட்சை எப்பிடி?"

"பத்து வந்திருச்சும்மா!"

"நூத்துக்குப் பத்தா?"

அரை மணி நேரமாக விளக்குகிறேன், நம்பவில்லை. உங்களில் யாராவது அம்மாவோடு பேச முடியுமா?