சக்கரம் வைத்த பெட்டி

ஆசரிப்புக் கூடாரம் என்றால் எனக்குப் பைத்தியம். வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலரிடம் கடவுள் தமக்கு ஒரு வீடு கேட்டபோது விளக்கு, மேஜை, தண்ணீர்த் தொட்டி, தூபபீடம் என்று சாமான் பட்டியலே கொடுத்தார், கல்யாணச் சீர் எழுதுகிற மாதிரி. அந்த விளக்கிலும், மேஜைமேல் இருந்த அப்பத்திலும் கிறிஸ்தவர்கள் இயேசுவைப் பார்க்கிறோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எத்தனை வருடம்தான் படத்தில் காட்டுவது? சேந்தமங்கலத்தில் எங்கள் சபைக்குள்ளேயே நிஜ அளவில் செய்துவிடலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

மற்றதையெல்லாம் ஆளுக்கொன்றாகச் செய்தார்கள். பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டியை மட்டும் என் அண்ணனிடம் ஒப்படைத்தேன். அவருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. இதில் என் சுயநலமும் இருந்தது. நான் ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்ட அன்று, தாலி ஏறும்வரை அண்ணன் சபையின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். “நம்மளுக்கு அது எடமில்ல சாமி” என்றார்; செல்லமாக என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். கோபம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வருவார், பிள்ளைகளைக் கொஞ்சுவார். சபைக்குள் மட்டும் பதினோரு வருடமாகக் கால் வைத்ததில்லை. தான் செய்த பெட்டியைப் பார்க்கவாவது உள்ளே வரமாட்டாரா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

“அளவு அடியா, இஞ்சா?” என்று கேட்டார்.

“முழமுங்ண்ணா. ரெண்டரை முழம் நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை ஒசரம்.”

தன் கையாலேயே முழம் போட்டுப் பலகை அறுத்தார்.

சனிக்கிழமை மதியம் அண்ணனோடு பெட்டி வண்டியில் வந்து கேட்டருகே இறங்கியது. மூடியின்மேல் கேருபீன் என்கிற தேவதூதர்கள் இருவர் இறக்கை விரித்திருந்தார்கள். தங்க பெயின்ட் கண்ணைப் பறித்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகுதான் கீழே பார்த்தேன். நான்கு மூலையிலும் நான்கு சக்கரம், அதுவும் பிரேக் வைத்த சக்கரம்.

“எதுக்குங்ண்ணா இது?”

“பொம்பளப்புள்ளைக எப்படி நகத்துவீங்க? ஒரு வெரல்ல தள்ளுனாப் போவும்” என்றார் பெருமையாக. சுமக்கும் கம்புகளைச் செருகாமல் வண்டியிலேயே கிடத்தியிருந்தார்.

போதகர் ஐயா என்னைத் தனியே அழைத்து, “சக்கரம் ஆகாதேம்மா” என்றார். எனக்கும் தெரியும். தாவீது ராஜா காலத்தில் அந்தப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். மாடு மிரண்டபோது தாங்கிப் பிடிக்கக் கை நீட்டியவன் அங்கேயே செத்துப்போனான். அதைத் தோளில்தான் சுமக்க வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை ஆயிற்றே என்று எனக்கு அழுகை முட்டியது. இதைச் சொன்னால் அண்ணன் முகம் சுண்டி, கேட்டோடு வண்டியைத் திருப்பிவிடுவார்.

ஆனாலும் சொன்னேன். மாட்டுவண்டிக் கதையையும் சேர்த்தே சொன்னேன்.

“அட, இத மொதல்லயே சொல்றதில்லையா?” என்று என்னைத்தான் கடிந்தார். “மாரியாயி பண்டிகைல நாங்க சாமியத் தோள்லதான தூக்கிட்டு வாரோம். சாமி காரியம்னு தெரிஞ்சிருந்தா சக்கரமே வெச்சிருக்க மாட்டேன்.”

ஸ்பேனரை எடுத்தார். பத்து நிமிடத்தில் நான்கும் கழன்றன. கம்புகளைச் செருகினார். தூக்குவதற்குப் போதகர், என் வீட்டுக்காரர், வண்டி ஓட்டி வந்தவர் என்று மூன்று பேர் நின்றார்கள். நான்காவது ஆளை நான் கூப்பிடவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றினார், துண்டை மடித்துத் தோளில் போட்டார், நான்காவது ஆளாகக் கம்புக்கடியில் புகுந்தார்.

சபைக்குள், பெட்டி இருக்கவேண்டிய உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரைக்கு முன்னால் அவர் கால் தயங்கியது. அந்தத் திரையை நான் தைத்து, நானே நடுவில் கிழித்திருந்தேன்.

“புதுத் துணிய ஏஞ்சாமி கிழிச்சே?”

“முன்னெல்லாம் பிரதான ஆசாரியர் மட்டும், வருசத்துக்கு ஒரு நாள்தான் இதுக்குள்ள போவாருங்ண்ணா. இயேசு சிலுவைல உசுரு உட்டப்ப, திரை மேலிருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சுது. இனி ஆரு வேணாலும் போலாம்.”

“ஆரு வேணாலுமா?”

“ஆரு வேணாலும்.”

அண்ணன் குனிந்து உள்ளே போனார்.

பெட்டியை இறக்கியதும் கம்பை உருவப் போனார்.

“உருவக்கூடாதுங்ண்ணா. எப்ப வேணாலும் பொறப்படத் தயாரா, கம்பு அதுலயேதான் இருக்கோணும். நாளைக்குக் கூடப் புள்ளைகளோட இதத் தூக்கிட்டு ஒரு சுத்து வரோணும்.”

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி பெட்டியையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், “அப்ப நாளைக்கும் ஒரு ஆளு கொறையுமா?”

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஆண்களுக்குப் பஞ்சமே கிடையாது.

“ஆமாங்ண்ணா, கொறையும்” என்றேன்.