குடியை நிறுத்தும் பொடி

பினாங்கில் எங்கள் வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு மாதர் பத்திரிகை வரும். கதைகளைவிட எனக்கு அதிலுள்ள விளம்பரங்கள்தான் பிடிக்கும். வழுக்கையில் முடி முளைக்கும், கறுத்த மேனி சிவக்கும், கிழவன் சிங்கமாவான் என்று ஒரே பக்கத்தில் உலகத்தையே சரிசெய்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டே படிக்கிற நான் ஒன்றை மட்டும் நம்பிவிட்டேன். ‘குடிகாரக் கணவரைத் திருத்தும் பொடி! காப்பியில் கலந்தால் அவருக்கே தெரியாது!’

தெரிந்துவிட்டது. ஒரு வாய் குடித்ததுமே என் கணவர் துப்பினார்.

“என்னடி கலந்தே? விஷமா?”

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை அது. என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். மண்டை உடைந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. பொடி என்று சொல்லக்கூடக் குரல் வரவில்லை.

‘காப்பியில் விஷம்’ என்று அவர் கத்துகிற சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மேரியக்கா ஓடிவந்தாள். அவரை இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. சட்டென்று மேசையிலிருந்த காப்பியை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாள்.

“விஷம்னா நான்தானே சாவேன்? நின்னு பாத்துக்கோ. அவள விடுடா!”

அவர் கை தளர்ந்தது. அக்கா சாகவில்லை. சாக்கடையோரம் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். நான் பொடியைப் பற்றிச் சொன்னதும் நடுவில் நிமிர்ந்து, “ஏண்டி, இதக் குடிச்சா கள்ளு மட்டுமா, சோறே வேணாம்னு போயிரும்லா!” என்றாள். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நானும் சிரித்தேன். அன்றே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பவில்லை.

கழுத்திலிருந்த விரல் தடம் மறைந்துவிட்டது. அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று கலந்த எனக்கே தெரியாது. அவள் ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தாளே, அது மட்டும் மறையவில்லை.