டாக்டர் அருளப்பனும் இறுக்கிக் கட்டிய கால்களும்

சந்தவாசல் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் அருளப்பனின் மனைவி போன் செய்தார். "சிஸ்டர், அவரு போய்ட்டாருங்க." நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழவேயில்லையாம். பையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். ஓடி என்ன ஆகப்போகிறது?

எங்கள் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கை கால் அறுவையெல்லாம் அவர்தான். தியேட்டரில் நான் அவருடைய நர்ஸ். ரத்தம் வந்து மறைக்காமலிருக்கத் தொடையில் காற்றடைத்த பட்டையை இறுக்கிவிட்டுத்தான் கத்தியை எடுப்போம். நேரம் நீண்டால் ரத்தம் கிடைக்காத சதை செத்துவிடும். அதனால் வேலை பாதியில் இருந்தாலும் பட்டையைத் தளர்த்தச் சொல்வார். "இன்னும் கொஞ்சந்தான் சார், முடிச்சிடலாமே" என்று சலித்துக்கொள்வேன். "ரத்தத்த தொடச்சிக்கலாம். செத்த சதைய இன்னா பண்ணுவ?" என்பார். மனுஷன் கடிகாரத்தைத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்று நாம் செய்த கிண்டல், இங்கே வேலை பார்த்துப் போன உங்களுக்கும் நினைவிருக்கும்.

மலையில் வழக்கம் வேறு. வெட்டுப்பட்டாலும் சரி, பாம்பு கடித்தாலும் சரி, முதலில் கயிற்றால் இறுக்கி ஒரு கட்டு. ஜீப் கிடைத்து இறங்குவதற்குள் கால் மரத்துப்போய்விடும். புளி உலுக்கும் பருவத்தில் டாக்டர் ஊர் ஊராகப் போய், "கட்டாதீங்கம்மா, வெட்டுன்னா துணிய மடிச்சி காயத்து மேல அழுத்திப் புடிங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். "கட்டாம வந்தா வழியிலயே செத்துட மாட்டானா டாக்டரே?" சில நாளிலேயே அந்த ஊரிலிருந்து கட்டோடு ஒரு கால் வந்தது. "சொல்லிக்கினே இருக்கணும், வேற இன்னா வழி?" என்றார். பாவி மனுஷன், யார் கேட்டார்கள்?

அவரை அடக்கம் செய்த மறுநாள், காலில் கோடாலி பட்ட கணவனை ஒரு மலைக்காரப் பெண் கூட்டி வந்தாள். தொடையில் நைலான் கயிறு. காலையில் கட்டியது, வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. "காலு ஜில்லுன்னு ஆய்டிச்சிங்க. அவுத்து வுடுங்க சிஸ்டர். டாக்டரு எங்கங்க?"

முடிச்சில் கை வைத்தேன். இதற்கும் அவர் சொல்லித்தான் இருந்தார். "ரொம்ப நேரம் கட்டுன கால டாக்டர் இல்லாம அவுக்காத. செத்த சதையில தேங்குன வெசம் நெஞ்சுக்கு ஏறிடும்." கையை எடுத்துவிட்டேன். அவனைக் கட்டோடே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினேன். அந்தக் கால் தேறாது என்று எனக்குத் தெரியும். அவளையும் ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.

அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. வருவார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. இனிமேல் வேலூர்வரை போகவேண்டும், வழி இன்னும் நீளம்; கட்டு இன்னும் இறுகும். காலைக் காப்பாற்றும் கை அவரோடு போய்விட்டது. எந்தக் கட்டை நான் தொடக்கூடாது என்பது மட்டும்தான் அவர் சொன்னதில் எனக்கு மிச்சம்.