அப்பா களிமண்ணில் செய்த மாடிப்படி

ஈரக் களிமண்ணை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மழை பெய்ததும் வருமே, அந்த வாசனை இல்லை. இது குளிர்ச்சியாக, கொஞ்சம் புளிப்பாக இருக்கும்... ஒரு வாரம் முழுக்க எங்கள் அடுப்படியில் அந்த வாசனைதான்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விருத்தாசலத்தில் காலேஜ் இரண்டாம் வருடம். அப்பா ஒரு செராமிக் கம்பெனியில் மோல்டு போடுகிறவர். டீ கப்போ பொம்மையோ, முதல் அச்சு அவர் கையில்தான் பிறக்கும். அப்போதுதான் ஜங்ஷன் பக்கம் மூன்று சென்ட் வாங்கி, வீடு கட்ட ஆரம்பித்திருந்தோம்.

அம்மாவுக்கு இடது கால் சரியாக மடங்காது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது சேத்தியாத்தோப்பில் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் வந்த வினை. நாங்கள் இருந்த வாடகை வீட்டில் மாடிச் சாவி ஓனரம்மாவின் இடுப்பிலேயே இருக்கும்.

"உனக்கெதுக்கும்மா மாடி? ஏறி வுழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பதினோரு வருடம் அம்மா அந்த மாடியைக் கீழே இருந்தே பார்த்தார். எனக்கு அந்த ஓனரம்மா மேல் இன்னும் கோபம் தீரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

புது வீட்டுக்கு அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"கிச்சன் எப்படி வேணா இருக்கட்டுங்க. மாடிக்கு மட்டும் நானா ஏறணும். ஒருத்தரு கையும் புடிக்காம."

அவ்வளவுதான், அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு பை களிமண் கேட்டு வாங்கி வந்து, பலகை மேல் மூன்று மாடிப்படி செய்தார். ஒன்று நேராகப் போவது. ஒன்று பாதியில் திரும்புவது. இன்னொன்று வட்டமாகச் சுற்றிக்கொண்டு போவது. வட்டம் என் ஆசை. துப்பட்டா பறக்க நான் இறங்கி வருவதாக ஒரு கற்பனை...

"ஆமா, இவ பெரிய ஜமீன் வூட்டுப் பொண்ணு" என்று அம்மாவின் கிண்டல் வேறு.

பிறகு அம்மா இரண்டு விரல்களைக் கால்கள் மாதிரி வைத்து ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தார். ஒரு விரல் மடங்கி ஏறும். இன்னொரு விரல் விறைப்பாகப் பின்னால் வந்து சேரும். வட்டப்படியில் விரல் வழுக்கியது. போச்சு என் டிசைன்! பாதியில் திரும்பும் படியின் நடுத்தளத்தில் அந்த விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன.

"இங்க ஒரு மூச்சு வுட்டுக்கலாம். இதுவே இருக்கட்டுங்க."

படி ஒவ்வொன்றும் ஆறு இஞ்சு உயரம். மொத்தம் இருபத்தொன்று. அஸ்திவாரம் மட்டுமே வந்திருந்த ஒரு சாயங்காலம், அப்பா மனையில் சுண்ணாம்புத் தூளால் இருபத்தொரு கோடு போட்டார். அம்மா அந்தச் சமதரையில் ஏறினார்... ஒவ்வொரு கோட்டுக்கும் பாதத்தைத் தூக்கி வைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்கி, திரும்பி. கடைசிக் கோட்டில் நின்று சுற்றிலும் பார்த்தார். தரையில்தான் நிற்கிறோம் என்பதே மூன்று பேருக்கும் மறந்துவிட்டது. இன்றும் எனக்குக் கனவில் அந்த மாலை வரும்.

படியின் அளவை அப்பா ஒரு பேப்பரில் எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தார். அங்கேதான் கோட்டைவிட்டார்.

களிமண் காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் மோல்டு போடுகிறவர்கள் எந்த அளவையும் கொஞ்சம் கூட்டியே எழுதுவார்கள். இருபது வருடப் பழக்கம். அப்பாவின் கை தானாகக் கூட்டி எழுதிவிட்டது. ஆறு இஞ்சு, ஆறரைக்கும் மேலே போய்விட்டது. கான்கிரீட் சுருங்குமா?

கான்கிரீட் இறுகி, சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று மேஸ்திரிக்கு ஒரே குஷி.

"சார், பத்தொம்போது படியிலயே மேல சேந்துடுச்சு! ஒவ்வொரு படியா லாபம், நஷ்டம்னு மாத்தி மாத்தி எண்ணிப் பாருங்க, லாபத்துலதான் முடியுது!"

அப்பா டேப்பை எடுத்து முதல் படியை அளந்தார். மறுபடி அளந்தார். அப்படியே ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சூளைக்குப் போற அளவ எழுதிக் குடுத்துட்டேன் பாப்பா..."

அரை இஞ்சுதானே என்று தோன்றும். மடங்காத காலோடு ஒருவர் படியேறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அம்மா டீ ஃபிளாஸ்க்கோடு வந்தார். அப்பா மறைக்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன். இடிச்சிட்டு வேற போட்டுடலாம்" என்றார்.

அம்மா ஃபிளாஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டு ஏற ஆரம்பித்தார். வலது கால் மேலே போகும், இடது கால் பின்னால் இழுபட்டு வரும். இரண்டு படி தள்ளி அப்பா, கைகளை விரித்தபடி, தொடாமல் போனார். நடுத்தளத்தில் அம்மா ரொம்ப நேரம் நின்றார். ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது.

பிறகு மேலேயிருந்து குரல் வந்தது.

"பாப்பா... கோயில் கோபுரம் தெரியுதுடி! ரயிலு வருது, ஓடியா!"

அம்மா அப்படிக் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. இடிக்கிற பேச்சு அன்றோடு போயிற்று.

பத்து வருடத்துக்கும் மேல் அம்மா அந்தப் படிகளில் ஏறினார். துணிக்கு, வடாமுக்கு, சும்மா காற்றுக்கு. பிறகு நல்ல காலின் மூட்டும் தேய்ந்துபோனது. அம்மா மாடிக்குப் போய் இப்போது நான்கு வருடமாகிறது. அப்பாவும் அதிகம் போவதில்லை.

"அந்த அரை இஞ்சு இல்லன்னா இன்னும் ரெண்டு வருசம் ஏறியிருப்பாளோ?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்.

இப்போது நானும் கணவரும் திட்டக்குடியில் வீடு கட்டுகிறோம். இன்ஜினியர் போனில் நாற்பது மாடிப்படி டிசைன் அனுப்பியிருக்கிறார். கண்ணாடிக் கைப்பிடி, அடியில் லைட்டு... தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. எல்லாமே அழகுதான். ஒன்றில்கூட விரலை வைத்து ஏறிப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் பற்றியும் லைட்டைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"படி ஒசரம் எவ்ளோ பாப்பா?"

"ஆறு இஞ்சுப்பா."

அம்மா உள்ளே டிவி பார்க்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு வெக்கச் சொல்லு. உங்கம்மா வருவா இல்ல..."