அமுதா அக்கா வீடியோவுக்குப் போட்ட வயலின்

அமுதா அக்கா இறந்துவிட்டார்.

தையல் கம்பெனியில் நானும் அவரும் ஒரே டேபிள். நான் சட்டையில் நூல் பிசிறு வெட்டித் தருவேன், அவர் செக்கிங் பார்ப்பார். இரண்டும் நின்றபடிதான்.

கம்பெனி குரூப்பில் அஞ்சலி வீடியோ போட்டிருக்கிறார்கள். அக்கா போட்டோ, சுற்றிலும் பூ, பின்னால் வயலின்... "வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் திடீரென மறைந்தார்" என்று எழுத்து ஓடுகிறது. எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வழியில் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதற்கு முன் நான் இங்கே, என் பேஸ்புக்கில், பொங்கல் வாழ்த்து தவிர எதுவும் போட்டதில்லை.

அந்த வயலின் எந்த சீரியலில் வருவது என்று எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும்.

மதியம் சாப்பிடும்போது அக்கா போனில் முந்தின நாள் எபிசோட் ஓடும். அந்த போனில் டிஸ்ப்ளே மேல் பாதி கறுப்பு. படம் தெரியாது, சத்தம் மட்டும்தான்.

மாமியார் மருமகள் கதைதான். ஆனால் மியூசிக் மட்டும் ராஜா படையெடுத்து வருவது மாதிரி இருக்கும். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே மியூசிக்கை வைத்துக் கதை சொல்வார்.

"இந்தா, மாமியாகாரி படியெறங்கறா. இரு இரு, இன்னும் வாயத் தொறக்கல..." என்பார். சரியாக அப்போதுதான் அவள் பேசுவாள்.

ஒருநாள் எங்கள் லைன் சுமதி அக்கா போனில் அந்த மியூசிக்கை வாசிக்கிற வீடியோ வந்தது. பெரிய ஹாலில் வரிசையாக நாற்காலி போட்டு ஐம்பது அறுபது பேர், எல்லோருக்கும் கறுப்பு உடை.

அமுதா அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். ஆள் உயரத்துக்கு ஒரு வயலினைத் தரையில் ஊன்றி ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இந்தாளப் பாருங்கடி, பொண்டாட்டிய சமாதானம் பண்றாப்பல கட்டிப் புடிச்சிக்கினு வாசிக்கறான்."

மாமியார் வரும்போது உறுமுகிற சத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மியூசிக்தான் அவருக்குப் பிடிக்கும்.

அழுகைக்குப் போடுகிற வயலின், இப்போது அஞ்சலி வீடியோவில் ஓடுவது, பிடிக்கவே பிடிக்காது. அது வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

"ஏங்க்கா, நல்லாத்தான இருக்குது?" என்றார் சுமதி அக்கா.

"என்னா நல்லாருக்குது? இத்தப் போட்டுட்டா எவன் என்னா செஞ்சான்னு மறந்துட்டு நாம அழுவணுமாம்."

நான் ஒன்பதாவதோடு நின்றவள். கம்பெனியிலும் யாரிடமும் பேசமாட்டேன். "இவளுக்கு டயலாக்கே குடுக்கல, மியூசிக் மட்டுந்தான்" என்று அக்கா சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அவர் சொன்னால் மட்டும் கோபம் வராது.

அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு நெஞ்சை அமுக்குது என்றார். சூப்பர்வைசர் எங்கள் டேபிளுக்கு வந்தபோது அக்கா அவரிடம் கேட்டார்.

"சார், செத்த ஒக்காந்துக்கறனுங்க."

"இன்னிக்கு லோடு ஏத்தணும்மா. கேஸா இருக்கும். சோடா குடிச்சிட்டு நில்லு."

அக்கா நின்றார். நாலைந்து பீஸ் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. மறுபடியும் கேட்டார்... "லோடு ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போய்விட்டார்.

கையில் சட்டையைப் பிடித்தபடியே அக்கா டேபிள் மேல் சாய்ந்தார். நான் கத்தினேன். என் குரல் எப்படி இருக்கும் என்று அந்த ஹாலில் பலருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும்.

கம்பெனி வேனுக்கு முன்னால் லோடு லாரி நின்றது. அதை எடுத்த பிறகுதான் வேனை எடுத்தார்கள். ஏற்றும்போது அக்கா கையைப் பிடித்த நான் ஆஸ்பத்திரி வரைக்கும் விடவில்லை. ஏற்றும்போதே அதில் துடிப்பு இல்லை.

மறுநாள் அரூர் ரோட்டில் இருக்கிற அவர் ஊருக்கு எங்களையெல்லாம் வேனில் கூட்டிப்போனார்கள். பந்தலில் மைக் செட். அங்கேயும் அதே வயலின் ஓடியது. யாரோ அந்த சீரியல் மியூசிக் மொத்தத்தையும் போனில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

வயலின் முடிந்ததும் அதுவாகவே அடுத்தது ஆரம்பித்தது. மாமியார் மியூசிக்.

எங்கள் லைன் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். பழக்கம்.

மாலையோடு மேனேஜர் வந்துகொண்டிருந்தார். பின்னால் சூப்பர்வைசர், போட்டோ எடுக்க ஒரு ஆள்.

சுமதி அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பார்த்தவர்கள் அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அமுதா அக்கா இருந்திருந்தால் வாய்விட்டே சிரித்திருப்பார்... அப்புறம் நிஜமாகவே அழுதோம்.

அமுதா அக்கா மகள் தீபா என்னிடம் வந்தாள். பத்தாவது படிக்கிறாள்.

"அக்கா, வேன்ல வர்றப்ப எங்கம்மா உங்ககிட்ட எதுனா சொன்னாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் பதில் சொன்னார். "நல்லா பேசிக்கினேதாம்மா வந்தாங்க. வூட்டுக்குப் போயி சோறாக்கணும்னாங்க. திடீர்னுதான்..."

தீபா தலையாட்டினாள். அந்தச் சோற்றை நினைத்து அவள் இனி எத்தனை நாள் அழுவாளோ. அக்கா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

வழியில் என்று போட்டுவிட்டால் கம்பெனியை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதற்குத்தான் அந்த எழுத்து. அதற்குத்தான் அந்த வயலின்.

நான் அந்த ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. வைத்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தீபா, நீ இதைப் பார்ப்பாய். அம்மா வேனில் எதுவும் பேசவில்லை. வேனில் ஏற்றுவதற்கு முன்பே, டேபிளிலேயே முடிந்துவிட்டது. உட்காருகிறேன் என்று இரண்டு தரம் கேட்டார், விடவில்லை. நான் எதிரில் நின்று பார்த்தேன். எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன்.

நாளைக் காலை வேலைக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி வேன் எங்கள் ஸ்டாப்பில் எனக்காக நிற்காது என்று தெரியும். நிற்க வேண்டாம்.

அக்கா... காலை நீட்டிப் படுங்கள்.